குழந்தையின் தோல் எப்படிக் கட்டப்படுகிறது? தருமபுரி, கிருஷ்ணகிரி பெற்றோரும் செவிலியரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிறந்த பிள்ளைக்குத் தோல் உரிகிறது, செதில் செதிலாக இருக்கிறது, "பாம்புச் சட்டை மாதிரி இருக்கிறது" என்று வருகிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். ஏன் வந்தது? அடுத்த பிள்ளைக்கும் வருமா? என்ன தடவலாம்? தோல் கட்டப்படும் வேலையில் எந்தப் படியில் கோளாறு என்று தெரிந்தால் மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடும். அதனால் முதல் பாதியில் கட்டுமானத்தையும் பிற்பாதியில் பராமரிப்பையும் எழுதியிருக்கிறோம். அவசரத்தில் படிப்பவர்கள் நேராக ஏழாம் கேள்விக்குப் போகலாம்.

1. "தோல் தடுப்பு" என்று சொல்கிறீர்களே, அது எந்த இடம்?

மேல்தோலின் உச்சியில் இருக்கும் காய்ந்த அடுக்குதான். மருத்துவர்கள் ஸ்ட்ராட்டம் கார்னியம் என்பார்கள். முன்கையில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறையக் கால் பங்கு. அதற்குள் பதினைந்து அடுக்கு செத்த செல்கள் படிந்திருக்கும். உடம்புத் தண்ணீர் வெளியே ஆவியாகாமலும் கிருமி உள்ளே வராமலும் காப்பது இவ்வளவு மெல்லிய ஏடுதான்.

செல்களைச் செங்கல் என்றும் இடையிலுள்ள கொழுப்பைச் சாந்து என்றும் எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். நல்ல உவமைதான், ஒரு குறை உண்டு. இங்கே சாந்தைத் தயாரிப்பதும் செங்கல்லே. சாகப்போகும் செல் தன் வயிற்றிலிருந்து கொழுப்பை வெளியே தள்ளிவிட்டுத்தான் சாகிறது. ஆகவே ஒரே ஒரு மரபணு கெட்டாலும் செங்கல், சாந்து இரண்டுமே ஆட்டம் காணலாம்.

இதற்குச் சற்றுக் கீழே, உயிருள்ள செல்களுக்கு நடுவில் இன்னொரு வேலி இருக்கிறது. செல்லும் செல்லும் நெருக்கித் தைத்ததுபோல் ஒட்டியிருக்கும் அந்த இடத்துக்கு இறுக்கப் பிணைப்பு என்று பெயர். அதிலுள்ள கிளாடின்-1 என்ற புரதம் இல்லாமல் பிறந்த எலிக்குட்டிகள் ஒரே நாளில் நீரிழந்து செத்ததை 2002-ல் கண்டார்கள். மேலேயிருந்த காய்ந்த அடுக்கு பார்வைக்கு ஒழுங்காக இருந்தும் அவை பிழைக்கவில்லை.

2. வயிற்றில் எந்த மாதம் தோல் முழுசாகிறது?

நான்காவது வாரத்தில் ஒற்றை வரிசை செல்தான் இருக்கும். சீக்கிரமே அதன்மேல் பெரிடெர்ம் என்ற தற்காலிகப் போர்வை வரும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல இது. வேலை முடிந்ததும் உதிர்ந்துவிடும். எட்டிலிருந்து பதினோரு வாரத்துக்குள் நடு அடுக்கு உருவாகும். பதினைந்தாம் வாரத்தையொட்டி மயிர்க்கால்களைச் சுற்றி முதலில் காய்ந்த அடுக்கு தொடங்கும். மற்ற இடங்களில் 22-24 வாரத்தில்தான் தொடங்கும். ஏறக்குறைய 34 வாரத்தில் தடுப்பு நிறைமாதத் தரத்துக்கு வந்துவிடும்.

உடம்பு முழுக்க ஒரே நாளில் இது நடப்பதில்லை. எலிக் கருவை நீலச் சாயத்தில் முக்கி எடுத்தால், தடுப்பு வந்த இடம் வெள்ளையாகவும் வராத இடம் நீலமாகவும் தெரியும். ஒவ்வொரு நாள் கருவாக எடுத்து வரிசையில் வைத்துப் பார்த்தால், வெள்ளை முதுகுப்பக்கம் தொடங்கி விலா வழியாக வயிற்றை நோக்கிப் பரவுவது கண்ணுக்கே தெரியும். ஏரியில் தண்ணீர் வற்ற வற்றக் கரை விரிவதுபோல இருக்கும்.

3. எந்த மரபணு தொடங்கிவைக்கிறது? எது செல்லை மேலே அனுப்புகிறது?

கருவின் மேற்புறத்துச் செல் நரம்பாகவும் போகலாம், தோலாகவும் ஆகலாம். வின்ட் (Wnt), பிஎம்பி என்ற இரண்டு சமிக்ஞைகள் சேர்ந்து தோல் பக்கம் திருப்புகின்றன. திரும்பிய செல்லில் பி63 என்ற மரபணு விழிக்கிறது. மேஸ்திரி இதுதான். பி63 இல்லாத எலிகள் மேல்தோலே இல்லாமல் பிறந்தன என்று 1999-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. மனிதரில் இதே மரபணுவில் பிழை வந்தால் தோலோடு உதடு, அண்ணப் பிளவும் விரல் குறையும் சேர்ந்து வருவதுண்டு. இந்தக் கூட்டைப் பார்த்தாலே பி63-ஐச் சந்தேகிக்கலாம்.

அடி வரிசைச் செல் பிரியும்போது படுக்கைவாட்டில் பிரிந்தால் இரண்டும் அடியிலேயே தங்கும். செங்குத்தாகப் பிரிந்தால் ஒன்று மேலே போகும். மேலே போன செல்லிடம் "இனிப் பெருகாதே, முதிர்ந்துகொள்" என்று சொல்லும் சமிக்ஞை நாட்ச். பக்கத்துச் செல் தொட்டால்தான் நாட்ச் வேலை செய்யும், தூரத்திலிருந்து கூப்பிட்டால் கேட்காது. அடியில் இருக்கும் செல்களைப் பெருகச் சொல்லிக்கொண்டிருப்பது இஜிஎஃப் ஏற்பி. சில புற்றுநோய் மாத்திரைகள் இந்த ஏற்பியை அடைப்பதால்தான் அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்குத் தோல் காய்ந்து பரு பருவாகக் கிளம்புகிறது.

அடுத்தது கால்சியம். மேல்தோலில் அது ஒரே சீராக இருப்பதில்லை. அடியில் குறைவு, மேலே போகப் போக ஏறும், காய்ந்த அடுக்குக்கு நேர் கீழே உச்சம். ஆய்வகத் தட்டில் தோல் செல்லை வளர்க்கிறவர்களுக்கு இது கைப்பாடம். திரவத்தில் கால்சியம் லிட்டருக்கு 0.1 மில்லிமோலுக்குள் இருந்தால் செல்கள் பெருகிக்கொண்டே போகும். 1.2 மில்லிமோல் அளவுக்கு ஏற்றினால் பெருக்கத்தை நிறுத்தி ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அடுக்கடுக்காக முதிரும். செல்லுக்குள் கால்சியத்தைச் சேமிக்கும் பம்பு ஒன்றின் மரபணுவில் பிழை வந்தால் டேரியர் நோய் வரும். மார்பிலும் கழுத்திலும் எண்ணெய்ப்பிசுக்கான பழுப்புப் பொருக்குகள் தோன்றும். வெயிலிலும் வியர்வையிலும் மோசமாகும்.

முடிவுக் கட்டத்தை நடத்தும் கங்காணிகள் கேஎல்எஃப்4, ஜிஆர்ஹெச்எல்3 என்ற இரண்டு மரபணுக்கள். கேஎல்எஃப்4 இல்லாத எலிக்குட்டி பிறந்ததும் நீரிழந்து செத்துவிடும்.

4. எங்கள் ஊர் போர்த் தண்ணீரில் கால்சியம் அதிகம். குடித்தால் தோலுக்கு நல்லதா கெட்டதா?

இரண்டும் இல்லை. மேல்தோல் தன் கால்சியத்தைத் தானே நிர்வகித்துக்கொள்ளும். போர்த் தண்ணீர் தொல்லை கொடுப்பது குளிக்கும்போதுதான், அதைப் பத்தாம் கேள்வியில் பாருங்கள். இதே தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். அதற்கு ஒகேனக்கல் குடிநீர்தான் வழி. தோல் செதிலுக்கும் ஃப்ளோரைடுக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

5. செங்கல்லும் சாந்தும் தயாராவது எப்படி? எது கெட்டால் எந்த நோய்?

செல் சாகுமுன் தன் உறைக்கு உள்பக்கம் ஒரு கெட்டி ஓடு கட்டிக்கொள்கிறது. ஓட்டின் பெரும்பங்கு லாரிக்ரின் என்ற புரதம். இன்வாலுக்ரின் முதலிய சிலவும் சேரும். இவற்றைப் பிரிக்க முடியாதபடி பற்றவைக்கும் நொதி டிரான்ஸ்குளூட்டமினேஸ்-1. வெல்டிங்காரர் இல்லாத பட்டறையில் தகடு மட்டும் குவிந்து கிடந்தால் எப்படியோ, இந்த நொதியைத் தயாரிக்கும் டிஜிஎம்1 மரபணு கெட்ட பிள்ளையின் தோல் அப்படி. லாமெல்லார் இக்தியோசிஸ் எனப்படும் தட்டைச் செதில் நோய்க்கு இதுவே முதன்மைக் காரணம், 1995-ல் கண்டுபிடித்தார்கள். சில பிழைகளில் நொதி குளிர்ந்த தோலில் வேலை செய்யும், சூட்டில் படுத்துவிடும். அந்தப் பிள்ளைகளுக்குக் கை, கால், முகம் தெளிவாகவும் மார்பு, முதுகு, அக்குள் மட்டும் செதிலாகவும் இருக்கும்.

சாந்தில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் கலந்திருக்கும். எடையில் ஏறக்குறையப் பாதி செராமைடு. இதைச் செல்லுக்குள் சிறு பொட்டலங்களில் ஏற்றும் சுமைக்காரர் ஏபிசிஏ12. இது முழுவதும் செயலிழந்தால் ஹார்லெக்வின் இக்தியோசிஸ் வரும். வகைகளிலேயே மிகக் கடுமையானது இதுதான்: கெட்டித் தகடுகளாகத் தோல் வெடித்து, இமையும் உதடும் வெளிப்பிதுங்கிப் பிறக்கும். மரபணு 2005-ல் தெரியவந்தது. ஏஎல்ஓஎக்ஸ்12பி, ஏஎல்ஓஎக்ஸ்இ3, நிபால்4 போன்றவையும் சாந்து வேலைக்காரர்களே. அவற்றின் பிழைகள் பொதுவாக இவ்வளவு கொடூரமில்லை.

ஃபிலாக்ரின் தனிக் கதை. நீளமான மூலப்புரதம் பத்து முதல் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டுப்பட்டு, கெரட்டின் நார்களைக் கட்டுக்கட்டி, பின் தானும் சிதைந்து ஈரம் பிடிக்கும் சத்தாகிறது. கருவில் தண்ணீருக்குள் இருக்கும்வரை கடைசிச் சிதைவு நடப்பதில்லை. பிறந்து காய்ந்த காற்று பட்ட பிறகே தொடங்குகிறது. எலிக்குட்டிகளில் இதைத் துல்லியமாகக் காட்டியிருக்கிறார்கள். காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று தோலுக்குத் தெரிகிறது என்பதற்கு இதைவிட அழகான சான்று இல்லை. இந்த மரபணுவின் ஒரு பிரதி கெட்டால் தோல் வறளும், கரப்பான் எனும் எக்சிமாவுக்கு வழி திறக்கும். இரண்டு பிரதியும் கெட்டால் இக்தியோசிஸ் வல்காரிஸ் தெளிவாகத் தெரியும். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கும் சாதாரணக் கோளாறு இது. தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் மார்கழி, தைக் குளிர்காற்றில் இவர்களின் முழங்கால் வெள்ளை பூத்துப்போவதன் காரணம் இந்த ஈரச்சத்துக் குறைவுதான்.

6. தோல் உதிர்வதற்கும் மரபணு உண்டா?

உண்டு, அதுவும் இரண்டு எதிரெதிர்க் கோளாறாக.

மேலேயுள்ள செத்த செல்களைப் பிணைத்திருக்கும் பொத்தான் போன்ற முடிச்சுகளைக் கல்லிக்ரீன் என்ற வெட்டு நொதிகள் மெதுவாக அறுக்கின்றன. அவற்றுக்கு எக்ஸ் குரோமோசோமிலுள்ள எஸ்டிஎஸ் மரபணு உதவுகிறது. அது இல்லாவிட்டால் கொலஸ்ட்ரால் சல்ஃபேட் தேங்கி, வெட்டு நொதி முடங்கி, செல் உதிராமல் கரும்பழுப்புச் செதிலாகச் சேரும். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் வரும். வயிற்றிலிருக்கும்போது நஞ்சுக்கொடியிலும் இதே நொதி இல்லாததால் தாயின் ஈஸ்ட்ரியால் ஹார்மோன் குறைந்து, சிலருக்கு வலி எடுக்கத் தாமதமாகும். இந்தத் தகவலைப் பிரசவக் குறிப்பிலேயே எழுதிவைப்பது பின்னால் பெரும் உதவி.

நேரெதிர் கோளாறு நெதர்டன். ஸ்பிங்க்5 மரபணு தயாரிக்கும் தடைப்புரதம் இல்லாமல் வெட்டு நொதிகள் கட்டவிழ்ந்து ஓடும். பிள்ளை சிவந்து உரிந்துகொண்டே பிறக்கும், பிறகு தலைமுடி மூங்கில் கணுபோல் முடிச்சு விழும், ஒவ்வாமை துரத்தும். தடுப்பு அவ்வளவு ஓட்டையானது என்பதால் அழற்சியை அடக்கும் டாக்ரோலிமஸ் களிம்பு தடவினால்கூட ரத்தத்தில் அபாய அளவுக்கு ஏறிவிடும். முதலாவதில் உதிரவைக்கும் களிம்பு பலன் தரும். இரண்டாவதில் அதே களிம்பு நஞ்சு. பெயர் தெரியாமல் மருந்து எழுதக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

7. பளபளவென்று பாலிதீன் ஒட்டினமாதிரி பிள்ளை பிறந்திருக்கிறது. உடனே என்ன செய்வது?

கொலோடியன் குழந்தை என்பார்கள். காரணம் பெரும்பாலும் ஐந்தாம் கேள்வியில் சொன்ன டிஜிஎம்1 அல்லது சாந்து மரபணுக்களில் ஒன்று. பார்க்கப் பயமாக இருந்தாலும் இதில் பத்தில் ஒன்று தானாகத் தெளிந்துவிடும். மற்றவற்றிலும் அந்த ஏடு இரண்டு முதல் நான்கு வாரத்தில் உரிந்து, அடியிலிருக்கும் நிஜ நோய் வெளிப்படும். முதல் வாரத்தைத் தாண்டுவதுதான் முக்கியம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தால், 108 வருவதற்குள்:

ஏட்டைப் பிய்க்கவே கூடாது. தொங்கும் ஓரத்தைக் கத்தரிக்கலாம், இழுக்கக் கூடாது. பிய்த்த இடம் பச்சைப் புண்ணாகிக் கிருமி ஏறும்.

சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, வெள்ளை வாசலின் பூசுங்கள். தேய்க்க வேண்டாம், கையுறை போட்டு மெதுவாகப் பரப்பினால் போதும். டப்பாவுக்குள் விரல் விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள்.

பிளாஸ்டர் ஒட்டாதீர்கள். ஊசிக்குழாயைத் துணிக்கட்டால் நிறுத்துங்கள்.

கண் மூடாமல் இமை வெளிப்பிதுங்கியிருந்தால், மருத்துவர் சொல்லும் கண் களிம்பு வரும்வரை உப்புநீரில் நனைத்த துணியைப் போட்டு வையுங்கள். காய விடக் கூடாது.

உதடு இறுகி மார்பைப் பிடிக்க முடியாவிட்டால் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில், அதாவது சங்கில், கொடுங்கள்.

பிறந்த எடையைக் கிராம் கணக்கில் துல்லியமாக எழுதி அனுப்புங்கள். மறுநாள் எவ்வளவு தண்ணீர் இழந்தது என்பது அந்த ஒரே எண்ணிலிருந்துதான் தெரியும்.

தீவிரப் பிரிவில் ஈரப்பதம் ஏற்றிய இன்குபேட்டர், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வாசலின், தினமும் எடை, ரத்த சோடியம். தவறுவது வழக்கமாக எங்கே? சோடியம் ஏறுவதைக் கவனிக்காமல் விடுவதில். அடுத்தது, செதிலைக் கரைக்கிறேன் என்று சாலிசிலிக் அமிலமோ யூரியாவோ தடவுவதில். கைக்குழந்தைக்குச் சாலிசிலிக் அமிலம் தோல் வழியே ரத்தத்துக்குள் போய் மூச்சையும் மூளையையும் தாக்கும்.

8. சொந்தத்தில் கட்டினதால்தான் வந்ததா?

சில வகைக்கு ஆம், சில வகைக்கு இல்லவே இல்லை. எஸ்டிஎஸ் வகை தாய்வழி எக்ஸ் குரோமோசோமில் வருவது, ஃபிலாக்ரின் வகை ஊரில் பரவலாக இருப்பது. இரண்டுக்கும் சொந்தக் கல்யாணத்தைக் குற்றம் சொல்ல முடியாது. லாமெல்லார், ஹார்லெக்வின், நெதர்டன் போன்றவற்றுக்குத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு கெட்ட பிரதி வரவேண்டும். அங்கேதான் உறவு கணக்கில் சேருகிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நூற்றில் ஒருவர் அந்தப் பிரதியைச் சுமக்கிறார் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உறவில்லாத இருவர் கட்டினால் 1/100 × 1/100 × 1/4, அதாவது 40,000-ல் ஒரு பிள்ளை. அத்தை மகளைக் கட்டினால் மனைவியிடமும் அதே பிரதி இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. எனவே 1/100 × 1/8 × 1/4, அதாவது 3,200-ல் ஒன்று. அக்கா மகளைக் கட்டினால் எட்டுக்குப் பதில் நான்கு, ஆகவே 1,600-ல் ஒன்று. இருபத்தைந்து மடங்கு கூடுகிறது. ஆனாலும் 1,600-ல் 1,599 பிள்ளை இந்த நோய் இல்லாமலே பிறக்கிறது. பாட்டி காலத்திலிருந்து கட்டிக்கொண்டோம், ஒன்றும் ஆகவில்லை என்பவர்கள் பொய் சொல்லவில்லை.

ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் முடிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று. "முதலுக்கு வந்தாச்சு, இனி மூணுக்கு வராது" என்று சொல்வதை நம்ப வேண்டாம். கருவுக்கு அண்ணனின் கணக்கு தெரியாது.

9. குறைமாதப் பிள்ளைக்கு மரபணு சரிதானே, தோல் ஏன் இவ்வளவு மோசம்?

மரபணு சரி, நாட்கள் போதவில்லை. 25 வாரத்தில் பிறந்த 800 கிராம் பிள்ளையின் தோல் பரப்பு சுமார் 0.08 சதுர மீட்டர். காய்ந்த காற்றில் சதுர மீட்டருக்கு மணிக்கு 50 கிராம் தண்ணீர் போகிறது என்றால் நாளுக்கு 96 கிராம், அதாவது எடையில் எட்டில் ஒரு பங்கு. நிறைமாதப் பிள்ளை மூன்று கிலோ, 0.2 சதுர மீட்டர், மணிக்கு ஆறு கிராம். நாளுக்கு 29 கிராம்தான் போகும், எடையில் நூற்றில் ஒன்று.

நல்ல செய்தி: காற்று பட்டதுமே முதிர்ச்சி வேகமெடுக்கும். பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் தடுப்பு வந்துவிடும். 23-24 வாரப் பிள்ளைக்கு இன்னும் நாளாகும். அதுவரை முதல் வாரம் 70-80 சதவீத ஈரப்பதம், பிறகு படிப்படியாகக் குறைப்பது. பிளாஸ்டரை உரிக்கும்போது மேல்தோலே கூட வந்துவிடும். ஸ்பிரிட் தோலைச் சுடும், போவிடோன் அயோடின் உறிஞ்சப்பட்டு தைராய்டைக் குழப்பும். தவிர்க்க முடியாவிட்டால் வேலை முடிந்ததும் உப்புநீரால் துடைத்துவிடுங்கள். பிறக்கும்போது மேலே அப்பியிருக்கும் வெண்ணெய் மாதிரி மாவைத் துடைக்காதீர்கள். அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், மீதி கொழுப்பும் புரதமும். இலவசமாகக் கிடைத்த களிம்பு அது.

10. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டலாமா? எந்த எண்ணெய்?

பிறந்து 24 மணி நேரம் குளிப்பாட்டாதீர்கள். பிறகு நிறைமாதப் பிள்ளைக்குத் தேங்காய் எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய், மெல்லிசாக. சூரியகாந்தியிலுள்ள லினோலிக் அமிலம் செராமைடுக்கு மூலப்பொருள். டாக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்கு அதைத் தடவியதில் மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்ததாக 2005-ல் வெளியானது. கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் வேண்டாம், இரண்டும் தடுப்பைக் கலைக்கும். ஒகேனக்கல்லில் பெரியவர்களுக்குத் தேய்த்துவிடும் மசாஜ் எண்ணெயைப் பாட்டிலில் வாங்கிவந்து பிள்ளைக்கு அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். மூக்கிலும் காதிலும் எந்த எண்ணெயும் ஊற்றக் கூடாது.

சோப்பு: சாதாரணக் கட்டிச் சோப்பின் பிஹெச், அதாவது அமில, கார அளவு, 9-10, தோலுக்கு வேண்டியது ஐந்தரைக்குப் பக்கம். பிறந்த பிள்ளையின் தோலே ஆறரையில் தொடங்கிச் சில வாரத்தில்தான் இறங்குகிறது. பிஹெச் ஏறினால் செராமைடு தயாரிக்கும் நொதிகள் மந்தமாகும், மேலே சொன்ன வெட்டு நொதிகள் துள்ளும். கட்டுவது குறைந்து இடிப்பது கூடுகிறது. போர்த் தண்ணீர் கடினமாக இருந்தால் சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் பிசுக்காகத் தோலிலேயே தங்கும். கடைசிச் சொம்புக்கு மட்டுமாவது ஒகேனக்கல் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ ஊற்றுங்கள். ஐந்து நிமிடத்துக்குமேல் குளியல் வேண்டாம். ஒற்றித் துடைத்து, ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் களிம்பு பூசுங்கள். உடம்பு முழுக்கச் செதிலுள்ள கைக்குழந்தைக்கு வாரம் 125 முதல் 250 கிராம் பிடிக்கும். 20 கிராம் ட்யூப் வாங்கித் தொட்டுத் தொட்டு வைத்தால் பலன் வராது.

ஒன்று மறக்க வேண்டாம்: வாசலின் ஊறிய துணி திரிபோல் பற்றிக்கொள்ளும். சாம்பிராணித் தட்டிலிருந்தும் விறகடுப்பிலிருந்தும் தள்ளியே வையுங்கள்.

11. மெடிக்கலில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள், இரண்டே நாளில் பளிச்சென்று ஆனது. தொடரலாமா?

கூடாது. அதில் வீரியமான ஸ்டீராய்டு, பெரும்பாலும் குளோபெட்டசால், பூஞ்சை மருந்தோடும் ஆன்டிபயாட்டிக்கோடும் கலந்திருக்கும். சிவப்பு அடங்குவது நிஜம். கூடவே சாந்து தயாரிப்பும் படுத்துவிடும். நிறுத்தியதும் இரட்டிப்பாகத் திரும்பும்.

எக்சிமாவில் ஐஎல்-4, ஐஎல்-13 என்ற அழற்சிச் சமிக்ஞைகள் ஃபிலாக்ரின் உற்பத்தியையே குறைக்கின்றன. ஆகவே மரபணு நன்றாக இருப்பவருக்கும் ஃபிலாக்ரின் பஞ்சம் வரும். சரியான வீரியத்தில், சரியான நாளுக்கு, மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டு இந்தச் சுழலை உடைக்கும். ஸ்டீராய்டு கெட்டதல்ல, அளவில்லாமல் போடுவதே கெட்டது. பழைய காலத் தார்க் களிம்புகூட ஏஹெச்ஆர் என்ற ஏற்பியைத் தட்டி ஃபிலாக்ரினைக் கூட்டுவதாக 2013-ல் தெரியவந்தது. நாற்றத்துக்காக ஒதுக்கிவிட்டோம்.

12. எந்த வகை என்று பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவு. பிள்ளையின் உள்ளங்கையை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். வழக்கமான மூன்று, நான்கு ரேகை தவிர, உழுத நிலம்போல நெருக்கமான கோடுகள் ஓடினால் ஃபிலாக்ரின் பக்கம் யோசிக்கலாம். அதில் முழங்கை மடிப்பும் முழங்கால் மடிப்பும் தெளிவாக இருக்கும், பிறக்கும்போது ஒன்றும் தெரியாது. ஆண் பிள்ளை, கழுத்தில் அழுக்குபோல் கரும்செதில், உள்ளங்கை மட்டும் வழவழப்பு என்றால் எஸ்டிஎஸ். விரை இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏட்டோடு பிறந்தது என்றால் லாமெல்லார் குடும்பம். மீதியை மரபணுப் பரிசோதனைதான் சொல்லும்.

13. சித்திரை வெயிலில் பிள்ளை கொதிக்கிறது, காய்ச்சலா?

செதில் வியர்வைக் குழாயை அடைத்திருந்தால் உடம்புச் சூடு வெளியேறாது. வெயிலில் இருந்து வந்தபின் 38 டிகிரிக்குமேல் காட்டினால் முதலில் ஈரத்துணி சுற்றி விசிறுங்கள். பாரசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. அரைமணியில் இறங்காவிட்டால் அது தொற்றாக இருக்கலாம், மருத்துவமனைக்குப் போங்கள். பள்ளியில் நண்பகல் விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்குக் கடிதம் வாங்குங்கள். பையில் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

14. மரபணுப் பரிசோதனைக்கு எப்படிப் போவது?

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் காட்டி, எந்த வகை என்ற சந்தேகத்தை எழுதி வாங்குங்கள். ரத்தம் இரண்டு, மூன்று மில்லி, ஊதா மூடி இடிடிஏ குழாயில். வெறும் வயிறு தேவையில்லை. பிள்ளையோடு தாய், தகப்பன் மாதிரியும் சேர்ந்து போவது நல்லது.

இரண்டு இடத்தில் ஏமாறலாம். எஸ்டிஎஸ் நோயில் பத்தில் ஒன்பது பேருக்கு மரபணு முழுதாகவே காணாமல் போயிருக்கும். எழுத்துப் பிழை தேடும் சாதாரண வரிசைப் பரிசோதனை அதைத் தவறவிடலாம். நீக்கத்தைத் தேடும் பரிசோதனை தனியாகக் கேட்க வேண்டும். ஃபிலாக்ரினில் ஒரே மாதிரித் துண்டுகள் திரும்பத் திரும்ப வருவதால் மரபணுவைச் சிறு துண்டுகளாகப் படிக்கும் பரிசோதனை குழம்பும். மேலும் ஐரோப்பியரிடம் வழக்கமாகத் தேடும் இரண்டு, மூன்று மாற்றங்களை மட்டும் தேடும் மலிவு பரிசோதனை நமக்கு உதவாது, இங்கே மாற்றங்கள் வேறு. "ஒன்றும் இல்லை" என்று அறிக்கை வந்தால் எதைத் தேடினார்கள் என்று முதலில் பாருங்கள். "பொருள் உறுதியில்லாத மாற்றம்" என்று வந்தால் அதை நோயின் காரணம் என்று எடுத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

15. மரபணுவையே சரிசெய்ய முடியாதா?

தோல் நோயில் தொடங்கிவிட்டார்கள். 2015-ல் ஜெர்மனியில், கொப்புள நோயால் தோலில் பெரும்பகுதியை இழந்த ஏழு வயதுச் சிறுவனுக்கு, மரபணு திருத்தி வளர்த்த தோலை உடம்பின் 80 சதவீதத்தில் ஒட்டினார்கள். இன்னொரு கொப்புள நோய்க்கு மரபணு ஜெல் 2023-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. டிஜிஎம்1-க்கு ஆய்வு நிலையில் இருக்கிறது. அதுவரை ஊரில் யார் "மரபணு க்ரீம்" என்று விற்றாலும் வாங்க வேண்டாம்.

16. அடுத்த பிள்ளைக்கு வயிற்றிலேயே பார்க்க முடியுமா? எப்போது வரவேண்டும்?

கர்ப்பம் தரிக்குமுன். முதல் பிள்ளையின் பிழை எது என்று உறுதியாகி, அது இருவரிடமும் இருப்பது தெரிந்தால்தான் கருவில் தேட முடியும். அந்த வேலைக்கே பல வாரம் ஆகும். அறிக்கை கையில் இருந்தால் 11-13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 16 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரிலோ பார்க்கலாம். ஸ்கேனில் ஹார்லெக்வின் தெரியலாம், அதுவும் தாமதமாகத்தான். லாமெல்லார் ஸ்கேனில் தெரியும் என்று காத்திருக்க வேண்டாம். எஸ்டிஎஸ் வகைக்கு இதெல்லாம் தேவையில்லை, அது களிம்பில் அடங்குவது. நாள் தள்ளிப்போனபின் வருகிறவர்கள் முதல் பிள்ளையின் ரத்தத்தையும் பிரசவக் குறிப்பையும் அதே நாளில் கொண்டுவந்தால் ஒன்றிரண்டு வாரமாவது மிச்சமாகும்.